ரோமில் பிறக்காத ரோமானிய சல்யூட்

நீங்கள் ஒரே மூச்சில் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். கையை விறைப்பாக முன்னே நீட்டிப் போடும் அந்த சல்யூட்டை இத்தாலியச் சர்வாதிகாரி முசோலினி பண்டைய ரோமானியர்களிடமிருந்துதான் எடுத்தாரா? முசோலினியைப் பார்த்துத்தான் ஹிட்லர் காப்பியடித்தாரா? அப்படியானால் நம் பள்ளிக்கூடங்களில் உறுதிமொழி எடுக்கும்போது கையை நீட்டுகிறோமே, அதுவும் இந்த வகையறாதானா? சுருக்கமாகச் சொன்னால் முதல் கேள்விக்கு இல்லை, இரண்டாவதுக்குப் பெரும்பாலும் ஆம், மூன்றாவதுக்கு இல்லை. ஆனால் இந்தச் சுருக்கத்தோடு விட்டால் விஷயத்தின் சுவையான பகுதியே போய்விடும். கல்லூரியில் நீண்ட காலம் நவீன ஐரோப்பிய வரலாறு நடத்தியவன் நான். பண்டைய ரோம் என் துறை அல்ல. அந்தப் பகுதியில் மொழிபெயர்ப்புகளையும் அந்தத் துறை அறிஞர்களையும் நம்பித்தான் எழுதுகிறேன்.

ரோமானியர்கள் கையைத் தூக்கவே இல்லை என்று யாராவது சொன்னால் அதுவும் தவறுதான். பல காரணங்களுக்காகப் பலவிதமாகத் தூக்கியிருக்கிறார்கள். ரோம் அருகே ப்ரிமா போர்ட்டாவில் கிடைத்த பேரரசர் அகஸ்டஸ் சிலை வலக்கையை உயர்த்தி நிற்கிறது. படைக்கு முன்னால் பேசப்போகும் தளபதியின் கை அது. குதிரைமேல் அமர்ந்திருக்கும் மார்க்கஸ் அரேலியஸ் சிலையிலும் கை நீண்டிருக்கிறது, ஆனால் விரல்களில் விறைப்பே இல்லை. கி.பி. 113-இல் முடிந்த டிராஜன் தூணில் பேரரசரைப் பார்த்துக் கூட்டம் கை உயர்த்தும் காட்சிகள் உண்டு. உற்றுப் பார்த்தால் ஒருவர் கை மடங்கியிருக்கும், இன்னொருவர் விரல் விரிந்திருக்கும். ஒரே அச்சில் வார்த்த கைகள் அல்ல. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ் யூதப் போர் பற்றி எழுதும்போது, ரோமானியப் படை புறப்படும் முன் அறிவிப்பாளர் மூன்று முறை "போருக்குத் தயாரா?" என்று கேட்பார் என்றும், வீரர்கள் உற்சாகத்தில் கத்திக்கொண்டே வலக்கையை உயர்த்துவார்கள் என்றும் சொல்கிறார். அது ஆர்ப்பரிப்பு, வணக்கம் அல்ல. வீரன் தளபதியைக் கண்டதும், குடிமகன் அதிகாரியைக் கண்டதும், கையை நேராக நீட்டி உள்ளங்கையைத் தரைப்பக்கம் வைத்து வணங்கினான் என்று சொல்லும் ரோமானிய நூலோ சிற்பமோ கிடையாது. இதை உறுதியாகவே சொல்லலாம்.

உடனே யாராவது கிளாடியேட்டர்களைக் கொண்டுவருவார்கள் என்பதால் அதையும் பார்த்துவிடுவோம். "சாகப்போகிறவர்கள் உன்னை வணங்குகிறோம்" என்ற வாசகம் ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியதில் இருக்கிறது. ஆனால் சொன்னவர்கள் அரங்கத்து கிளாடியேட்டர்கள் அல்லர். கி.பி. 52-இல் ஃபூசினோ ஏரியில் வேடிக்கைக்காக நடத்தப்பட்ட கடற்போரில் சண்டையிடக் கொண்டுவரப்பட்டவர்கள். கை எப்படி இருந்தது என்று அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பேரரசர் கிளாடியஸ் "இல்லாமலும் போகலாம்" என்று பதில் சொல்ல, மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று நினைத்து அவர்கள் சண்டை போட மறுத்தார்கள் என்பதுதான் கதையின் மிச்சம். ஆனால் 1859-இல் ழெரோம் என்ற பிரெஞ்சு ஓவியர் அந்த வாசகத்தை அரங்கத்துக்குள் கொண்டுபோய், கிளாடியேட்டர்கள் பேரரசரின் மேடையைப் பார்த்துக் கைகளை உயர்த்தி நிற்பதாக வரைந்துவிட்டார். நம் மனதில் இருப்பது சூட்டோனியஸ் அல்ல, ழெரோம்.

ஆக, தேட வேண்டிய இடம் ஓவியக்கூடம். அங்கே எல்லாருக்கும் முன்னால் நிற்பவர் பிரெஞ்சு ஓவியர் ழாக்-லூயி டேவிட். 1784-இல் ரோம் நகரில் தங்கி வரைந்து, அடுத்த ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் வைத்த ஓவியம் அவருடைய 'ஹொரேஷியர்களின் சபதம்'. இப்போது லூவரில் இருக்கிறது. இடப்பக்கம் மூன்று சகோதரர்கள் காலை அகட்டி, ஒருவரை ஒருவர் ஒட்டி நிற்கிறார்கள். நடுவில் தந்தை மூன்று வாள்களைச் சேர்த்து உயர்த்திப் பிடித்திருக்கிறார். சகோதரர்களின் மூன்று கைகளும் அந்த வாள்களை நோக்கி அம்பு போல நீள்கின்றன. வலப்பக்கம் வீட்டுப் பெண்கள் துவண்டு கிடக்கிறார்கள், ஏனென்றால் எந்தப் பக்கம் ஜெயித்தாலும் அவர்களுக்குச் சாவு வீடுதான். எதிரியின் குடும்பத்தோடு சம்பந்தம் வைத்திருந்தவர்கள் அவர்கள். கதை ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி சொல்லும் பழைய கதைதான்: ரோமுக்காக எதிரி ஊரின் மூன்று சகோதரர்களோடு சண்டையிடப் போகும் மூன்று சகோதரர்கள். ஆனால் இந்தச் சபதக் காட்சி லிவியிடம் இல்லை, டேவிட் காலத்துக் கற்பனை. படத்தை ஒரு நிமிடம் பார்த்தால் இன்னொன்றும் புரியும். அந்தக் கைகள் யாரையும் வணங்கவில்லை, வாளைத் தொடப் போகின்றன. அதாவது அது சத்தியம் செய்யும் கை. சத்தியம் எப்போது வணக்கமாக மாறியது என்பதுதான் மீதிக் கதை.

டேவிட் அந்தக் கையை விடவில்லை. 1789 ஜூன் 20-இல் பிரெஞ்சு மக்கள் பிரதிநிதிகள் டென்னிஸ் மைதானத்தில் கூடி எடுத்த சபதத்தை அவர் 1791-இல் கோட்டோவியமாக வரைந்தபோது, நடுவில் நிற்பவரை நோக்கி நூற்றுக்கணக்கான கைகள் நீளுகின்றன. ஹொரேஷியர்களிடம் மூன்றாக இருந்தது இங்கே கூட்டமாகிவிட்டது. பிறகு நெப்போலியன் தன் படைகளுக்குக் கழுகுக் கொடிகள் வழங்கிய 1804 நிகழ்ச்சியை வரைகிறார், 1810-இல் முடிகிறது. அதில் கைகள் ஒரு தனி மனிதனை நோக்கி நீளுகின்றன. குடும்பத்துக்காக, நாட்டுக்காக, அப்புறம் ஒரு தலைவனுக்காக என்று ஒரே ஓவியரின் கால் நூற்றாண்டுக்குள் அந்தக் கையின் திசை மாறிவிட்டது. ஃபாசிஸ்டுகளின் கதையை டேவிட் முன்கூட்டியே வரைந்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். அது கொஞ்சம் அதிகம். அவர் ஒரு படிமத்தை உண்டாக்கினார், அது எல்லாருக்கும் பயன்பட்டது, அவ்வளவுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளிப் புத்தகப் படங்கள், நாடக மேடை என்று ரோமைக் காட்டிய இடங்களில் எல்லாம் இந்தக் கை ஒட்டிக்கொண்டது. 1899-இல் நியூயார்க்கில் மேடையேறிய 'பென்-ஹர்' நாடகத்தில் இருந்தது, 1907-இல் அதைக் குறும்படமாக எடுத்தபோதும் இருந்தது. இத்தாலிக்கு முக்கியமானது 1914-இல் வந்த 'கபீரியா'. ஜொவான்னி பாஸ்த்ரோனே இயக்கிய, பிரம்மாண்டமான மௌனப் படம். ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த போர்தான் களம். அதில் ரோமானியர் மட்டும் இல்லை, ஆப்பிரிக்கர்களும் அதே பாணியில் கையை உயர்த்துகிறார்கள். ரோமானிய அடையாளமாக யோசித்து வைத்திருந்தால் எதிரிக்கும் அதையே கொடுத்திருப்பார்களா? 'பழங்காலம்' என்று காட்ட ஒரு பொதுவான உடல்மொழி, நம் புராணப் படங்களில் எல்லா ராஜாவும் ஒரே மாதிரி சிரிப்பது போல. இந்தப் படத்தின் எழுத்து அட்டைகளை எழுதித் தன் பெயரையும் கொடுத்தவர் கவிஞர் கேப்ரியேலே டன்னுன்சியோ.

டன்னுன்சியோ சாதாரண ஆள் இல்லை. கவிஞர், நாடகாசிரியர், போர் விமானத்தில் பறந்தவர், ஒரு கண்ணின் பார்வையைப் போரில் இழந்தவர், விளம்பரக் கலையில் பழுத்தவர். முதல் உலகப் போர் முடிந்ததும், இத்தாலிக்கு நியாயமாகச் சேரவேண்டியது என்று சொல்லி 1919 செப்டம்பர் 12-இல் கலகக்காரச் சிப்பாய்களோடு ஃப்யூமே நகருக்குள் புகுந்து பிடித்துக்கொண்டார். இன்று அது குரோவேஷியாவின் ரியேகா. 1920 கிறிஸ்துமஸ் சமயத்தில் இத்தாலிய அரசே படை அனுப்பி வெளியேற்றும் வரை அந்த ஊரை ஒரு மேடையாக நடத்தினார். மாடியிலிருந்து பேச்சு, கீழேயிருந்து கூட்டம் பதில் குரல், கருப்புச் சட்டை, "எய்யா, எய்யா, அலலா" என்ற கோஷம், உயர்த்திய கை. பின்னாளில் முசோலினியின் முத்திரை என்று நாம் நினைப்பதில் பாதி இங்கே ஒத்திகை பார்க்கப்பட்டது. டன்னுன்சியோ இந்தக் கையை 'கபீரியா'விலிருந்துதான் எடுத்தாரா? எடுத்திருக்கலாம். படத்தின் ரோமானிய உலகம் அவர் கையில் புரண்டதுதான். ஆனால் "அங்கிருந்து எடுத்தேன்" என்று அவர் எழுதி வைத்ததில்லை. திரைப்பட வரலாற்றாளர்கள் இந்த இணைப்பை அழுத்தமாகச் சொல்கிறார்கள். வலுவான ஊகம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நிரூபணம் அல்ல.

முசோலினி 1919 மார்ச் 23-இல் மிலானில் தன் ஃபாசிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியபோது அது சிறு கும்பல். ஃப்யூமே கலைந்ததும் அங்கிருந்த ஆட்களில் பலரும் சடங்குகளும் சேர்ந்தே இந்தப் பக்கம் வந்தன. 1922 அக்டோபரில் ரோம் நோக்கிய அணிவகுப்புக்குப் பிறகு அவர் பிரதமரானார். அடுத்த ஆண்டே பள்ளிகளில் கொடிக்கு இந்த வணக்கம் வந்தது. 1925 முடிவதற்குள் அரசு ஊழியர்களுக்கும் வந்துவிட்டது. ஆனால் இதை ஒரு வெறியாகவே மாற்றியவர் 1931 முதல் 1939 வரை கட்சிச் செயலாளராக இருந்த அகிலே ஸ்டராசே. கை குலுக்குவது பூர்ஷ்வாக்களின், அதாவது வசதியான நடுத்தர வர்க்கத்தாரின், பழக்கம், கை நீட்டுவது சுத்தம், அழகு, நேரமும் மிச்சம் என்பது அவர் வாதம். மரியாதையாக விளிக்கும் 'லேய்' என்ற சொல்லையே விலக்கிவிட்டு 'வோய்' என்று கூப்பிடச் சொன்ன மனிதர் அவர். இத்தாலியர்கள் முதுகுக்குப் பின்னால் அவரைப் பற்றிச் சிரித்துக்கொண்டார்கள், முன்னால் கையை நீட்டினார்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நாஜிக் கட்சியில் இந்தக் கை இருபதுகளின் தொடக்கத்தில் அங்கங்கே தலைகாட்டி, 1926-இல் கட்சிக்குள் கட்டாயமாயிற்று. அந்த ஜூலையில் வைமார் நகரில் நடந்த மாநாட்டு அணிவகுப்பில் ஹிட்லர் காரில் நின்றபடி கையை நீட்டி மரியாதை வாங்கினார். 'ஹைல்' என்ற வாழ்த்துச் சொல் அதற்கு முன்பே ஆஸ்திரியாவின் ஷோனரர் போன்ற ஜெர்மன் தேசியவாதிகளிடம் இருந்தது. அது உள்ளூர்ச் சரக்கு. கைதான் இறக்குமதி. அப்போதே கட்சிக்குள் முணுமுணுப்பு எழுந்தது, "இது இத்தாலிக்காரன் பழக்கம், நமக்கெதற்கு?" என்று. அதற்குப் பதில் சொல்லத்தான் 1928-இல் ஹிட்லரின் நெருங்கிய உதவியாளர் ருடால்ஃப் ஹெஸ் ஒரு கட்டுரை எழுதினார். முசோலினியைப் பற்றிக் கேள்விப்படும் முன்பே, 1921-லேயே, எங்களிடம் இது இருந்தது என்று அதில் வாதாடினார். ஹிட்லரோ 1942 ஜனவரியில் சாப்பாட்டு மேசையில் பேசியதாகக் குறித்து வைக்கப்பட்டதில் வேறு கதை சொல்கிறார்: டூச்சே (முசோலினி) எடுத்து வெகுநாள் கழித்துத்தான் நான் கட்சிக்கு வைத்தேன், ஆனால் மதச் சீர்திருத்தவாதி லூத்தரை வோர்ம்ஸ் நகரில் இப்படித்தான் வரவேற்றார்கள் என்று படித்திருந்தேன் என்கிறார். அந்த மேசைப் பேச்சுக் குறிப்புகள் சொல்லுக்குச் சொல் நம்பத்தக்கவை அல்ல என்பது ஒரு பக்கம். லூத்தர் கதைக்கு ஆதாரம் இல்லை என்பது இன்னொரு பக்கம். ஆனால் முசோலினிதான் முன்னால் என்பதை அவரே ஒப்புக்கொள்வது போலத்தான் இருக்கிறது. கடன் பின்னர் எதிர்ப்பக்கமும் போயிற்று. 1937-இல் ஜெர்மனி போய் அங்கே காலை விறைப்பாகத் தூக்கி நடக்கும் அணிவகுப்பைப் பார்த்து மயங்கிய முசோலினி, மறு ஆண்டு அதையே இத்தாலியப் படையில் புகுத்தினார். வைத்த பெயர் 'ரோமானிய நடை'.

இவ்வளவு வம்சாவளி பார்த்தாலும், என் வகுப்பில் நான் அதிக நேரம் செலவிட்டது இதற்கு அல்ல. 1933 ஜூலை 13-இல் ஜெர்மனியின் உள்துறை அமைச்சர் ஃப்ரிக் போட்ட உத்தரவுக்குத்தான். அரசு ஊழியர் அனைவரும் இந்த வணக்கத்தைப் பயன்படுத்த வேண்டும். தேசிய கீதமும் கட்சிப் பாட்டும் பாடும்போது, கட்சிக்காரரோ இல்லையோ, கையை நீட்ட வேண்டும். வேண்டுமென்றே எதிர்க்கிறார் என்ற சந்தேகத்துக்கு ஆளாக விரும்பாதவர் வணங்கட்டும் என்பது அதன் தொனி. சில நாளிலேயே ஒரு பிற்சேர்க்கை வந்தது, வலக்கை முடியாதவர்கள் இடக்கையை நீட்டலாம் என்று. போரில் கையிழந்தவருக்குக்கூட விலக்கு இல்லை, மாற்று ஏற்பாடுதான். இன்னொரு பக்கம் சிறைவாசிகளுக்கும் யூதர்களுக்கும் இந்த வணக்கம் தடை செய்யப்பட்டது. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மத நம்பிக்கையால் மறுத்தார்கள், வேலை போயிற்று, பலர் முகாம்களுக்குப் போனார்கள். ராணுவம் மட்டும் தொப்பியில் கை வைக்கும் பழைய சல்யூட்டை விடாமல் வைத்திருந்தது. 1944 ஜூலை 20-இல் ஹிட்லர்மீது குண்டு வைக்கப்பட்ட சில நாளில் அதற்கும் முடிவு வந்தது.

கடையில் ரொட்டி வாங்கும்போது, பக்கத்து வீட்டுக்காரரைப் படிக்கட்டில் பார்க்கும்போது, வகுப்பு தொடங்கும்போது என்று நாளுக்குப் பத்து இருபது தடவை, நீ எந்தப் பக்கம் என்ற கேள்வி வந்துகொண்டே இருந்தது. கை எவ்வளவு உயர்ந்தது, எவ்வளவு சோம்பலாக உயர்ந்தது என்பதெல்லாம் கவனிக்கப்பட்டது. 1936 ஜூன் 13-இல் ஹாம்பர்க் கப்பல் கட்டும் தளத்தில் எடுத்த ஒரு படம் இணையத்தில் அடிக்கடி வரும். கூட்டமே கை நீட்டி நிற்க, ஒருவர் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவர் யார் என்பதில் இரண்டு குடும்பங்கள் உரிமை கோருகின்றன, எனவே பெயரோடு வரும் உருக்கமான கதைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்தே படியுங்கள். அன்று கடலில் இறக்கிய கப்பல் 'ஹோர்ஸ்ட் வெஸ்ஸல்'. போருக்குப் பின் அமெரிக்கா எடுத்துக்கொண்டு 'ஈகிள்' என்று பெயர் மாற்றி, கடலோரக் காவல்படை மாணவர்களுக்குப் பயிற்சிக் கப்பலாக வைத்துக்கொண்டது.

அமெரிக்கா என்றதும் உங்கள் மூன்றாவது கேள்வி நெருங்கி வருகிறது. 1892-இல் ஃபிரான்சிஸ் பெல்லமி எழுதிய அமெரிக்கக் கொடி உறுதிமொழியைச் சொல்லும்போது பள்ளிப் பிள்ளைகள் கையைக் கொடியை நோக்கி நீட்டினார்கள், முசோலினி ஒன்பது வயதுப் பையனாக இருந்த காலத்தில். உள்ளங்கை மேலே பார்க்க வேண்டும் என்பது விதி. பிள்ளைகளுக்கு அது எங்கே நினைவிருக்கும்? முப்பதுகளில் செய்திப்படங்களில் பெர்லினையும் பார்த்துவிட்டுத் தங்கள் வகுப்பறையையும் பார்த்த பெற்றோருக்கு வயிற்றைக் கலக்கியது. 1942 டிசம்பரில் நாடாளுமன்றம் கையை நெஞ்சுக்கு மாற்றியது. மறு ஆண்டு ஜூனில், யெகோவாவின் சாட்சிகளின் பிள்ளைகளைக் கொடி வணக்கத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை எழுதிய நீதிபதி ராபர்ட் ஜாக்சன்தான் பிறகு நியூரம்பர்க் போர்க்குற்ற விசாரணையில் நாஜிகளுக்கு எதிரான அமெரிக்க வழக்குரைஞர். ஒலிம்பிக்குக்கும் ஒரு கை வணக்கம் இருந்தது. 1936 பெர்லினில் பிரெஞ்சு அணி காட்டியது அதைத்தான் என்றார்கள், மைதானம் அதை வேறாக எடுத்துக்கொண்டு ஆர்ப்பரித்தது. போருக்குப் பின் யாரும் அதைச் சீண்டவில்லை.

நம் ஊர்ப் பக்கம் பார்த்தால், "இந்தியா எனது நாடு" என்று தொடங்கும் உறுதிமொழியை 1962-இல் விசாகப்பட்டினத்தில் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் தெலுங்கில் எழுதினார். 1965 குடியரசு நாளிலிருந்து பள்ளிகளில் பரவியது. ஜனவரி 30-இல் தீண்டாமைக்கு எதிரான உறுதிமொழிக்காக ஆட்சியர் அலுவலக ஊழியர்கள் வரிசையாகக் கை நீட்டி நிற்கும் செய்திப் படத்தை வெளிநாட்டு நண்பர் யாருக்காவது காட்டிப் பாருங்கள், ஒரு நிமிடம் ஆடிப்போவார். ஆனால் இது ஒருவரைக் கண்டதும் செய்யும் வணக்கம் அல்ல, எந்தத் தலைவரை நோக்கியும் இல்லை, உறுதிமொழி முடிந்ததும் கையும் இறங்கிவிடும். டேவிட்டின் சகோதரர்கள் செய்த வேலையைத்தான் இந்தக் கை செய்கிறது, சத்தியம். டேவிட்டிலிருந்து இங்கே வரை ஒரு கோடு போட முடியுமா என்றால், அதற்கு ஆவணம் எதையும் நான் பார்த்ததில்லை. கோடு போடுகிறவர்களிடம் ஆவணம் கேளுங்கள்.

கடைசியாக, "நான் போட்டது நாஜி சல்யூட் இல்லை, ரோமானிய சல்யூட்" என்று யாராவது சொன்னதைக் கேட்டுத்தான் இந்தக் கேள்வி உங்களுக்கு எழுந்திருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இந்தச் சமாதானம் இப்போது அடிக்கடி கேட்கிறது. மேலே சொன்னபடி அப்படி ஒரு பழைய ரோமானிய வணக்கம் இல்லாததால், அந்தப் பெயரின் கீழ் மிஞ்சுவது முசோலினிதான். 2005-இல் இத்தாலியின் லாட்சியோ அணிக் கால்பந்து வீரர் டி கானியோ ரசிகர்களை நோக்கிக் கை நீட்டி அபராதம் கட்டினார். அவராவது, தான் ஃபாசிஸ்ட் என்று மறைக்காமல் சொன்னார். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பொது இடத்தில் இது குற்றம். இத்தாலியில் 1952, 1993 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் இருக்கின்றன. ஆனால் நினைவேந்தல் கூட்டங்களில் கை நீட்டுவதைத் தண்டிக்கவேண்டுமானால், ஃபாசிஸ்ட் கட்சி மீண்டும் உருவாகும் ஆபத்தோ, இனவெறி அமைப்பின் அடையாளமாக அது செய்யப்பட்டது என்பதோ தெரிய வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. எந்தக் கூட்டத்தில், யார் முன்னால், என்ன கோஷத்தோடு கை நீண்டது என்பதை ஒவ்வொரு வழக்கிலும் அங்கே நீதிபதிகள்தான் பார்த்து முடிவு செய்கிறார்கள்.